ட்ரெல்லோ பலகைகளுக்குக் காப்புநகல்: ஏற்றுமதிக் கோப்பு மட்டும் போதுமா?

பலகைமேலாளர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழுவின் திட்டப் பணிகள் எல்லாம் பல ஆண்டுகளாக ட்ரெல்லோ என்னும் பணி மேலாண்மை இணையச் சேவையில்தான் நடக்கின்றன. திட்டத்துக்கு ஒரு பலகை, வேலைக்கு ஓர் அட்டை என்று எளிமையாகத் தொடங்கியோம். இன்று ஒரு வடிவமைப்பை ஏன் கைவிட்டோம், எந்த மாற்றத்துக்கு வாடிக்கையாளர் எப்போது ஒப்புதல் தந்தார், ஒரு சிக்கலை யார் எப்படித் தீர்த்தார் என்பவையெல்லாம் அந்த அட்டைகளின் கருத்துகளிலும் இணைப்புக் கோப்புகளிலும் மட்டுமே இருக்கின்றன.

இதற்குக் காப்புநகல் இருக்கிறதா என்று அண்மையில் நிர்வாகத்தினர் கேட்டார்கள். இணையச் சேவையில் இருக்கும் தரவை அந்த நிறுவனமே பாதுகாத்துக்கொள்ளும், நாம் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னார். பலகையின் மெனுவிலேயே ஜேசன் (நிரல்கள் படிக்க ஏற்ற உரைவடிவத் தரவுக் கோப்பு) ஏற்றுமதி இருக்கிறது, மாதம் ஒரு முறை அதை எடுத்து வைத்தால் வேலை முடிந்தது என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பதில்களும் எனக்கு நிறைவு தரவில்லை, ஆனால் மறுத்துப் பேசும் அளவுக்கு விவரமும் என்னிடம் இல்லை. அந்த ஏற்றுமதிக் கோப்பில் உண்மையில் என்னென்ன இருக்கின்றன, நாளை ஒரு பலகையே அழிந்துபோனால் அந்தக் கோப்பிலிருந்து அதை மீண்டும் எழுப்ப முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிரல்வழி

ஏற்றுமதிக் கோப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் தவறாக நம்பியிருப்பது அதைத்தான்.

பட்டியல்கள், காப்பகப்படுத்தியவை உட்பட அனைத்து அட்டைகள், அவற்றின் விளக்கம், சரிபார்ப்புப் பட்டியல்கள், வண்ணச் சிட்டைகள், உறுப்பினர்கள் ஆகியவை அந்த ஜேசன் கோப்பில் முறையாக வந்துவிடும். ஆனால் கருத்துகளை ட்ரெல்லோ அட்டையின் ஒரு பகுதியாகச் சேமிப்பதில்லை. பலகையில் நடந்த ‘செயல்’களில் ஒரு வகையாகத்தான் பதிவு செய்கிறது. மெனு வழியாக எடுக்கும் ஏற்றுமதியில் மிக அண்மைய 1,000 செயல்கள் மட்டுமே இடம்பெறும். அட்டையை ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவதும் ஒரு செயல், கெடு தேதியை மாற்றுவதும் ஒரு செயல், ஒருவரைச் சேர்ப்பதும் ஒரு செயல். சுறுசுறுப்பாக இயங்கும் பலகையில் இத்தகைய சிறு அசைவுகளே அந்த ஆயிரத்தை விரைவில் நிரப்பிவிடும். நீங்கள் எவற்றை நிறுவனத்தின் நினைவு என்று கருதுகிறீர்களோ, அந்தப் பழைய விவாதங்கள் கோப்புக்குள் வருவதே இல்லை. கோப்பைத் திறந்து மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எல்லா அட்டைகளும் இருப்பதால் குறையொன்றும் தெரியாது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு அட்டையின் பதிவிலும் அதற்கு எத்தனை கருத்துகள், எத்தனை இணைப்புகள் உள்ளன என்ற எண்ணிக்கை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும்; அட்டையின் முகப்பில் சிறு சின்னத்துக்கு அருகில் தெரியும் அதே எண்தான் அது. கருத்துகளுக்கான எண்களைக் கூட்டி, கோப்பில் உண்மையாக இருக்கும் கருத்துப் பதிவுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வேறுபாடு முழுவதும் உங்கள் நகலில் இல்லாத கருத்துகள். அட்டையை நகலெடுத்தபோது உடன் வந்த கருத்துகள் வேறொரு செயல்வகையாகப் பதிவாகியிருக்கும் என்பதால், எண்ணும்போது அவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இணைப்புக் கோப்புகளின் நிலை இன்னும் மோசம். ஜேசனில் இருப்பது கோப்பின் பெயரும் முகவரியும்தான். கோப்பு அதில் இல்லை. பதிவேற்றப்பட்ட இணைப்புகளை உரிய அங்கீகாரம் இல்லாமல் பதிவிறக்க முடியாதபடி 2021 முதல் ட்ரெல்லோ மாற்றிவிட்டது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவே. ஆனால் பலகையும் கணக்கும் இல்லாமல் போன நாளில் அந்த முகவரிகள் எதையும் திறக்காது.

எனவே முழுமையான நகல் வேண்டுமென்றால் ஏபிஐ (நிரல்கள் சேவையிடம் நேரடியாகத் தரவு கேட்பதற்கான இடைமுகம்) வழியாகத்தான் எடுக்க வேண்டும். செயல்களை ஆயிரம் ஆயிரமாகக் கேட்டு, ஒவ்வொரு தொகுதியின் கடைசிப் பதிவுக்கு முந்தையவற்றை அடுத்த முறை கேட்டு, பலகை பிறந்த நாள் வரை பின்னோக்கிப் போகலாம். ஒரு டோக்கனுக்கு (ஒரு பயனர் நிரலுக்கு வழங்கும் அனுமதிக் குறியீடு) 10 விநாடியில் 100 கோரிக்கைகள், ஒரு ஏபிஐ திறவுகோலுக்கு (நிரலை அடையாளம் காட்டும் குறியீடு) 10 விநாடியில் 300 கோரிக்கைகள் என்று வரம்பு உண்டு. அதை மீறினால் 429 என்ற பிழை வரும். அந்தப் பிழை வந்தால் சற்றுக் காத்திருந்து அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பும்படி ஸ்கிரிப்டை, அதாவது நகலெடுக்கும் சிறு நிரலை, எழுத வேண்டும். இந்த இடத்தில் அலட்சியமாக எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் பிழையை விழுங்கிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடும். நகலில் ஓட்டை விழும்.

கூடுதலாக ஒரு செய்தி: அட்டை எப்போது உருவாக்கப்பட்டது என்ற தேதி அட்டையின் பதிவில் தனியாக இருக்காது. ஆனால் 24 எழுத்து கொண்ட அதன் அடையாள எண்ணின் முதல் 8 எழுத்துகளைப் பதினாறடிமான எண்ணாகப் படித்தால், 1970 தொடக்கம் முதல் கழிந்த விநாடிகள் கிடைக்கும். உருவாக்கப்பட்ட நேரம் அதுவே. அடையாள எண்கள் பயனற்றவை என்று எண்ணி நகலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

சர்வர்காவலர்

நிரல்வழி அவர்கள் கோப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். ‘நிறுவனமே பார்த்துக்கொள்ளும்’ என்ற முதல் பதிலுக்கு வருகிறேன்.

2022 ஏப்ரல் 5 அன்று அட்லாசியன் நிறுவனத்தில் நடந்ததை உங்கள் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லுங்கள். 2017 முதல் ட்ரெல்லோவின் உரிமையாளரும் அதே நிறுவனம்தான். வழக்கொழிந்த ஒரு செயலியை வாடிக்கையாளர் தளங்களிலிருந்து நீக்குவதற்காக ஒரு ஸ்கிரிப்டை இயக்கினார்கள். செயலியின் அடையாள எண்களைத் தர வேண்டிய இடத்தில் தளங்களின் அடையாள எண்கள் தரப்பட்டிருந்தன. நீக்கும் ஏபிஐயோ இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளும் தன்மையுடையது, கேள்வி எதுவும் எழுப்பாது. அரை மணி நேரத்துக்குள் 883 தளங்கள் அழிந்தன. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 775 பேர். ஜிரா, கன்ஃப்ளூயன்ஸ் ஆகிய அட்லாசியன் சேவைகளை நம்பி வேலை செய்த குழுக்களுக்கு அவை திரும்பக் கிடைக்க, சிலருக்கு, 14 நாள்கள் வரை ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அட்லாசியனிடம் காப்புநகல்கள் இருந்தன, நல்ல நிலையிலும் இருந்தன. பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்குச் சில நிமிடத் தரவைத் தவிர வேறெதுவும் இழப்பில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சேவையைக் குலைக்காமல், பலநூறு வாடிக்கையாளர்களின் தரவை மட்டும் பிரித்தெடுத்து மீட்கும் வழிமுறை தானியங்கியாக அமைக்கப்பட்டிருக்கவில்லை. தளத்தோடு சேர்ந்து வாடிக்கையாளரின் தொடர்பு விவரங்களும் அழிந்ததால், உதவி கேட்டுப் பதிவு செய்வதே பலருக்கு இயலாமல் போனது. தரவு பத்திரமாக இருந்தது உண்மை. அதை வைத்து அந்த இரண்டு வாரம் வேலை செய்ய முடியவில்லை என்பதும் உண்மை. உங்களிடம் சொந்த நகல் இருந்தால், பலகை திரும்பும் வரை அடுத்த வாரம் யாருக்கு எதை ஒப்படைக்க வேண்டும் என்ற பட்டியலாவது கையில் இருக்கும்.

நகல் எடுக்கும் ஏற்பாட்டைப் பற்றி இன்னொரு நிகழ்வு. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்பகத்தை நீக்கிவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி எஞ்சியபோதுதான் கட்டளை நிறுத்தப்பட்டது. பல வகையான காப்பு ஏற்பாடுகள் அவர்களிடம் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது அவை பயன்படவில்லை. அன்றாடம் நகலெடுக்க வேண்டிய நிரல், தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாத பதிப்பில் இயங்கித் தொடர்ந்து தோல்வியடைந்து வந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ, அனுப்புநர் சரிபார்ப்பு அமைப்பில் இருந்த குறையால் பெறுநரைச் சென்றடையவே இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு நிலைப்படம் (வட்டின் அந்நேர நிலையின் நகல்)தான் அவர்களைக் காப்பாற்றியது. இந்த விவரங்கள் அனைத்தையும் அவர்களே மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதை நான் மதிப்போடு குறிப்பிடுகிறேன், ஏனென்றால் நம்மைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

மேலும், நிறுவனம் வைத்திருக்கும் நகல் அதன் சர்வர் எரிந்தாலோ வட்டு பழுதானாலோ மீள்வதற்கானது. உங்கள் குழுவில் ஒருவர் தவறுதலாகவோ வேண்டுமென்றோ அட்டைகளை அழித்தால், அது சேவையைப் பொறுத்தவரை முறையான கட்டளை. ட்ரெல்லோவில் காப்பகப்படுத்திய அட்டையை மீட்கலாம், நிரந்தரமாக நீக்கிய அட்டையை மீட்க முடியாது. ட்ரெல்லோ போன்ற வேறு சேவைகளான ஆசனாவில் நீக்கியவற்றை 30 நாள்கள் வரை மீட்கலாம், பேஸ்கேம்பிலும் குப்பைத்தொட்டிக்குக் காலவரம்பு உண்டு. மூன்று மாதம் கழித்து இழப்பைக் கண்டுபிடித்தால் எந்தத் தொட்டியும் உதவாது.

எளியவழி

மேலே உள்ளவை எல்லாம் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கானவை. எங்களுடையது சிறிய குழு, ஏபிஐ என்றால் என்னவென்று அறிந்தவர் எங்களில் எவரும் இல்லை. ஆனாலும் இந்த விவாதத்தில் ஒரு கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பலகையை முன்பிருந்தபடியே மீண்டும் எழுப்ப வேண்டும் என்பதை எல்லோரும் இலக்காக எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தத் தேவை பலருக்கு வரவே வராது. முடிந்துபோன திட்டத்தின் அட்டையை மறுபடி நகர்த்த எவரும் விரும்பப்போவதில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கத்தான் விரும்புவார்கள். அதற்கு, எந்தக் கணினியிலும் எந்த மென்பொருளும் இல்லாமல் திறக்கக்கூடிய நகல் வேண்டும். பேஸ்கேம்ப் தன் ஏற்றுமதியை உலாவியில் திறந்து படிக்கக்கூடிய எச்டிஎம்எல் பக்கங்களாகவும், பதிவேற்றிய கோப்புகளை உடன் சேர்த்தும் தருகிறது. அதை மீண்டும் பேஸ்கேம்புக்குள் ஏற்ற முடியாது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பத்து ஆண்டுகள் கழித்தும் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பார். ஜேசன் கோப்பை எங்கள் கணக்காளர் திறந்தால் அவருக்கு அடைப்புக்குறிகள்தான் தெரியும்.

நாங்கள் செய்வது மிக எளிது. ஒரு திட்டம் முடிந்ததும், முக்கியமான அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கருத்துகள் முழுவதும் விரிந்த நிலையில் பிடிஎஃப் ஆகச் சேமித்து, இணைப்புக் கோப்புகளையும் அதே கோப்புறையில் போட்டுவிடுகிறோம். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் செய்பவர் ஒவ்வொரு அட்டையையும் கண்ணால் பார்ப்பதால் எது விடுபட்டது என்று அவருக்குத் தெரியும்.

நிரல்வழி

எளியவழி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். படிப்பதற்கான நகலும் மீட்பதற்கான நகலும் வெவ்வேறு தேவைகளுக்கானவை, முதலாவதுதான் நடைமுறையில் அடிக்கடி பயன்படும். இரண்டு வேறுபாடுகள் மட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்துக்கு இந்த முறை உதவாது. ஒரு திட்டம் பாதியில் இருக்கும்போது பலகை போய்விட்டால், யாரிடம் என்ன வேலை, எது எதற்காகக் காத்திருக்கிறது, எந்தச் சரிபார்ப்பில் எத்தனை முடிந்தன என்பதெல்லாம் உடனடியாக வேண்டும். அதை பிடிஎஃப் பக்கங்களிலிருந்து கையால் தட்டெழுத முடியாது. அடுத்ததாக, பிடிஎஃபிலிருந்து ஜேசனைப் பெற முடியாது, ஆனால் ஜேசனிலிருந்து படிக்கத்தக்க பக்கங்களை எப்போது வேண்டுமானாலும் உருவாக்கலாம். எனவே மூலத்தை ஜேசனாகவே வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எச்டிஎம்எல் பக்கத்தை உருவாக்கும் சிறு ஸ்கிரிப்டை எழுதிவைத்தால் இரண்டு தேவைகளும் நிறைவேறும். அந்தப் பக்கங்களில் இணைப்புக் கோப்புகளுக்கான சுட்டிகள், உங்கள் வட்டில் உள்ள கோப்புகளைக் காட்ட வேண்டும், ட்ரெல்லோவின் முகவரியை அல்ல. இதைச் செய்ய மறந்தவர்களின் நகல், இணையம் இருக்கும் வரை அழகாக வேலை செய்வதுபோல் தோன்றி ஏமாற்றும்.

நேரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேசனில் எல்லா நேரங்களும் உலகப் பொது நேரத்தில் பதிவாகியிருக்கும். படிக்கும் பக்கத்தில் உங்கள் நேரத்துக்கு மாற்றிக் காட்டுங்கள், மூலத்தை மட்டும் தொடாதீர்கள். நள்ளிரவை ஒட்டிய ஒப்புதல்கள் ஒரு நாள் முன்னதாகத் தெரிவதால் எழும் வாக்குவாதங்கள் வேண்டாதவை.

ஆவணமேடை

சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் அட்டவணைக் கோப்பு) பற்றி எவரும் பேசவில்லை, ஆனால் நிர்வாகத்தினர் முதலில் கேட்பது அதைத்தான், ஏனென்றால் எக்செலில் திறக்கலாம். என் கருத்தில் அது அறிக்கைக்கான வடிவம், காப்புநகலுக்கு உரியதன்று.

அதன் அமைப்பே காரணம். ஒரு பணிக்கு ஒரு வரி என்ற அட்டவணையில், ஒரு பணியின் கீழ் வரும் பல கருத்துகளையும் பல இணைப்புகளையும் வைக்க இயல்பான இடம் இல்லை. ஆசனாவின் சிஎஸ்வி ஏற்றுமதியில் கருத்துகள் வருவதில்லை. அவற்றை ஏபிஐ வழியாகத்தான் தனியே எடுக்க வேண்டும். ட்ரெல்லோவில் சிஎஸ்வி வசதியே கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கிறது.

கோப்பு சரியாக இருந்தாலும் அதைத் திறக்கும் விதத்தில் கெட்டுப்போகலாம். தமிழில் எழுதப்பட்ட அட்டைகளைக் கொண்ட சிஎஸ்வியை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால், கோப்பின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்துகளுக்குமான குறியாக்க முறை) என்பதற்கான குறி இல்லாத நிலையில், எழுத்துகள் எல்லாம் புரியாத குறியீடுகளாகத் தெரியும். அதைப் பார்த்து நகல் பாழாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். தரவை ஏற்றும் வசதியின் வழியாகச் சென்று யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாகத் தெரியும். ஆனால் குறியீடுகளாகத் தெரியும் நிலையிலேயே சேமித்துவிட்டால் நகல் உண்மையாகவே பாழாகும். எக்செலின் ஒரு கட்டத்தில் 32,767 எழுத்துக் குறிகளுக்கு மேல் நிற்காது என்பதும், பூச்சியத்தில் தொடங்கும் எண்களின் முன்பூச்சியங்களை அது உதிர்த்துவிடும் என்பதும், தேதி போலத் தோன்றும் எதையும் தேதியாக மாற்றிவிடும் என்பதும் இதே வகை ஆபத்துகள்.

ஆகவே எடுத்த கோப்பைப் படிக்க மட்டுமேயான உரிமையோடு சேமித்து, பார்வைக்கு வேறொரு படியைத் திறப்பது நல்லது. சேமிக்கும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 மதிப்பை (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிட்டு ஒரு பட்டியலில் எழுதிவைத்தால், பின்னாளில் எந்தக் கோப்பாவது மாறியிருக்கிறதா என்பதை ஐயமின்றிச் சொல்ல முடியும்.

தணிக்கைநோக்கு

நகலை எடுக்கும் கணக்கு யாருடையது என்ற கேள்வியை எழுப்ப விரும்புகிறேன், ஏனென்றால் நான் பார்த்த ஏற்பாடுகளில் மிகுதியான குறைகள் அங்கேதான் இருந்தன.

டோக்கன் என்பது அதை வழங்கிய பயனரின் கண். அவர் உறுப்பினராக இல்லாத தனிப்பட்ட பலகைகள் அதற்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் தனக்குத் தெரிந்த பலகைகள் அனைத்தையும் நகலெடுத்துவிட்டு ‘வெற்றி’ என்று அறிவிக்கும், தெரியாத பலகையைப் பற்றி அது எப்படிப் புகார் செய்யும்? அந்தப் பயனர் வேலையை விட்டுச் சென்று அவர் கணக்கு நீக்கப்பட்டால் நகலெடுப்பும் அன்றோடு நின்றுவிடும். எனவே இதற்கென்றே ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, புதிய பலகை தொடங்கும்போதெல்லாம் அதை உறுப்பினராகச் சேர்ப்பதைக் குழுவின் நடைமுறையாக்க வேண்டும். பணியிடத்தில் உள்ள பலகைகளின் பட்டியலை நிர்வாகி அவ்வப்போது எடுத்து, நகலில் உள்ள பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

ட்ரெல்லோ டோக்கனுக்குப் படிக்க மட்டும் அனுமதி தரலாம், எழுதவும் அனுமதி தரலாம். காப்புநகலுக்கு எழுதும் உரிமை எதற்கும் தேவையில்லை. வெளிச் சேவை ஒன்று நகலெடுத்துத் தருவதாகச் சொல்லி முழு உரிமை கேட்டால், மீட்புக்காக அது தேவை என்று விளக்கம் தருவார்கள். அந்த விளக்கம் நியாயமானதே, ஆனால் அந்தச் சேவையின் திறவுகோல் களவுபோனால் உங்கள் பலகைகளை அழிக்கும் உரிமையும் சேர்ந்தே போகும். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் மூடப்பட்டதே இத்தகைய காரணத்தால்தான். அதன் மேகக் கணிமைக் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் புகுந்தவர், தரவையும் அதே கணக்கின் கீழ் இருந்த காப்புநகல்களையும் சேர்த்தே அழித்தார். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்ற விதியைப் பலரும் அறிவார்கள். அந்த ‘வேறிடம்’ வேறு கடவுச்சொல்லின் கீழும் இருக்க வேண்டும் என்பதை நான் அதனோடு சேர்த்துக்கொள்வேன்.

கடைசியாக, உள்ளடக்கம். அட்டைகளில் பெயர்கள், தொலைபேசி எண்கள், சில நேரங்களில் கடவுச்சொற்கள்கூட எழுதப்பட்டிருக்கும். பலகையில் அவற்றைப் பார்க்கும் உரிமை சிலருக்கே இருந்திருக்கும். நகலோ பொதுக் கோப்புறையில் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். மறையாக்கம் செய்து வையுங்கள், திறவுகோலை நகலோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவர்களின் விவரங்களைக் கையாள்பவர்களுக்கு 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 17ஆம் பிரிவு, தன் விவரங்களை அழிக்கக் கோரும் உரிமையை வழங்குகிறது. நகல்களை எத்தனை காலம் வைத்திருப்போம், பழையவை எப்போது அழியும் என்பதை எழுத்தில் வைத்திராத நிறுவனத்தால் அத்தகைய கோரிக்கைக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

பலகைமேலாளர்

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வெறும் நன்றியோடு நிறுத்தாமல், நீங்கள் சொன்னவற்றைச் செய்துபார்த்து அதன் விளைவையும் எழுதுகிறேன், பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும்.

முதலில் நிரல்வழி அவர்கள் சொன்ன எண்ணிக்கைச் சோதனையைச் செய்தோம். எங்கள் பழைய, பெரிய பலகையில் அட்டைகள் காட்டிய கருத்து எண்ணிக்கையில் பாதிகூட ஏற்றுமதிக் கோப்பில் இல்லை. சிறிய பலகைகளில் எண்கள் ஒத்துப்போயின. மாதாந்திர ஏற்றுமதி போதும் என்று சொன்ன நண்பர் இந்த ஒப்பீட்டைப் பார்த்ததும் தன் கருத்தை உடனே மாற்றிக்கொண்டார். எங்கள் தொழில்நுட்பக் குழுவினர் ஏபிஐ வழியாக முழு நகல் எடுக்கும் ஸ்கிரிப்டை எழுதினார்கள்.

அடுத்து, அந்த நகலிலிருந்து முடிந்துபோன ஒரு திட்டத்தை வெற்றுப் பலகையில் மீண்டும் கட்டிப் பார்த்தோம். ட்ரெல்லோவில் ஜேசனை நேரடியாகத் திரும்ப ஏற்றும் வசதி இல்லாததால் இதற்கும் ஸ்கிரிப்டே தேவைப்பட்டது. இதற்கான எழுதும் உரிமையுள்ள டோக்கனைத் தனியாக உருவாக்கி, சோதனை முடிந்ததும் நீக்கிவிட்டோம். பட்டியல்கள், அட்டைகள், விளக்கங்கள், சரிபார்ப்புப் பட்டியல்கள், வண்ணச் சிட்டைகள் சிக்கலின்றி வந்தன. கருத்துகளும் வந்தன, ஆனால் அத்தனையும் ஸ்கிரிப்டை இயக்கியவரின் பெயரில், சோதனை நடந்த அன்றைய தேதியில் பதிவாயின. வாடிக்கையாளர் தந்த ஒப்புதலை எங்கள் ஊழியர் தந்ததாகக் காட்டும் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே ஒவ்வொரு கருத்தின் தலைப்பிலும் உண்மையில் எழுதியவர் பெயரையும் நேரத்தையும் சேர்க்கும்படி மாற்றினோம்.

அட்டைகளுக்குள் வேறு அட்டைகளைச் சுட்டியிருந்த இடங்களில் எல்லாம் பழைய முகவரிகளே நின்றன. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான பட்டியலை ஸ்கிரிப்ட் தானே எழுதிக்கொண்டு, இரண்டாம் சுற்றில் முகவரிகளை மாற்றும்படி செய்த பிறகு அது சரியானது. தனிப்பயன் புலங்களில் தேர்வுப்பட்டியல் வகையானவை வெற்றாக வந்தன. அட்டையில் தேர்வின் எண் மட்டுமே இருக்கிறது, அந்த எண்ணுக்கு என்ன பெயர் என்பது பலகையின் வரையறைப் பகுதியில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. தானியங்கு விதிகள் நகலில் இல்லவே இல்லை. அவற்றை ஓர் ஆவணத்தில் கையால் எழுதிவைத்துவிட்டோம். எங்களிடம் இருந்தவை சிலவே என்பதால் அது பெரிய வேலையாக இல்லை.

இப்போதைய ஏற்பாடு இது: படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு, ஒவ்வோர் இரவும் மாறிய அட்டைகளின் நகல், வாரம் ஒரு முறை முழு நகல், முடிந்த திட்டங்களுக்கு எளியவழி அவர்கள் வற்புறுத்திய எச்டிஎம்எல் பக்கங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் தோல்வி என்று அறிவிக்கும். வெற்றி என்றாலும் ஒரு செய்தி வரும், ஏனென்றால் கிட்லாபில் நடந்ததைப் படித்த பிறகு, செய்தி வராததை நல்ல செய்தி என்று கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. இணைப்புகளில் கணிசமானவை பதிவேற்றிய கோப்புகள் அல்ல, கூகுள் டிரைவில் உள்ள ஆவணங்களுக்கான சுட்டிகள். அவற்றை என்ன செய்வது?

சர்வர்காவலர்

முறையாகச் செய்திருக்கிறீர்கள், குறிப்பாக மீட்டுப் பார்த்தது. அதைச் செய்யாமலேயே பல ஆண்டுகளை ஓட்டும் நிறுவனங்கள் மிகுதி.

டிரைவ் சுட்டிகளைப் பொறுத்தவரை, ட்ரெல்லோவின் நகல் எவ்வளவு முழுமையாக இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது முகவரி மட்டுமே. கூகுள் ஆவணமும் விரிதாளும் அப்படியே பதிவிறக்கக்கூடிய கோப்புகள் அல்ல. வேர்டு, எக்செல், பிடிஎஃப் போன்ற வேறொரு வடிவத்துக்கு மாற்றித்தான் எடுக்க முடியும், மாற்றும்போது கருத்துரைகளும் திருத்த வரலாறும் முழுமையாக வராது. அவற்றுக்குத் தனி நகலெடுப்பு தேவை. உங்கள் ஜேசனில் உள்ள இணைப்புகளில் பதிவேற்றப்பட்டவை, சுட்டிகள் என்று பிரித்தறியும் குறி இருப்பதால், சுட்டிகளை மட்டும் வடிகட்டிப் பட்டியலிட்டு அந்த நகலெடுப்புக்கு உள்ளீடாகத் தரலாம். அந்த ஆவணங்களை நகலெடுக்கும் கணக்கு திறக்க முடிகிறதா என்பதைப் பட்டியல் எடுத்த உடனேயே சோதியுங்கள், அனுமதி மறுக்கப்படுபவை நிச்சயம் சில இருக்கும்.

அதைவிட அவசரமானது உரிமையாளர் யார் என்பது. ஊழியர் ஒருவரின் தனிப்பட்ட டிரைவில் உள்ள ஆவணம், உரிமை மாற்றப்படாமல் அவர் கணக்கு நீக்கப்பட்டால் கணக்கோடு போய்விடும். பகிரப்பட்ட டிரைவில் உள்ளவற்றுக்கு உரிமையாளர் நிறுவனமே, எவர் விலகினாலும் அவை நிற்கும். ஆகவே நகலெடுப்பைத் தொடங்கும் முன், அந்தப் பட்டியலில் உள்ளவற்றில் தனிநபர் பெயரில் இருப்பவை எவை என்று பார்த்து, முதலில் அவற்றைப் பகிரப்பட்ட டிரைவுக்கு மாற்றுங்கள். ஆவணத்தை நகர்த்தினாலும் அதன் முகவரி மாறாது என்பதால், அட்டைகளில் உள்ள சுட்டிகளைத் திருத்த வேண்டியிருக்காது.